நாத்தனார் எழுதிய ஒன்பது பக்கம்

"கதவு ஏம்மா திறந்து கிடக்கு?"

வந்ததும் வராததுமாக மகன் கேட்ட முதல் கேள்வி அதுதான். எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்பதெல்லாம் அப்புறம். அவனுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டே மருமகள், "நல்லா இருக்கீங்களா அத்தை?" என்று சன்னமாகக் கேட்டாள். அவள் கையில் பழக்கூடை, அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பழத்தோடு வருகிறவர்களால் பெரிய ஆபத்து கிடையாது, ஃபைலோடு வருகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் அவன் அம்மா தெரிந்துகொண்டது.

"சனிக்கிழமைன்னா திறந்துதான் இருக்கும். உள்ள வா," என்றாள்.

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு மியூசியம் அக்கா என்று பெயர். தொண்டு கிழமெல்லாம் இல்லை, ஐம்பத்தேழு வயது, ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருடம் பாக்கி. மியூசியத்தில் வீட்டுப் பொருள் பிரிவின் பதிவாளர். பழைய இஸ்திரிப் பெட்டி, சல்லடை, எலிப்பொறி, கைப்பிடி உடைந்த பால் அளக்கும் குவளை என்று எது வந்தாலும் அது யார் வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்று பார்த்து அட்டை எழுதுகிற வேலை. ராஜாக்களின் வாளும் கேடயமும் எதிர்க் கட்டடத்தில் இருந்தன. கூட்டம் அங்கேதான் போகும். இவள் பக்கம் மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம்.

கணவர் போய் நாலு வருடம் ஆகிறது. போன வருடப் பிறந்தநாளுக்கு மகன் ஒரு பரிசு அனுப்பினான். அவன் வரவில்லை, பரிசும் கடையிலிருந்து இரண்டு ஆட்களும் வந்தார்கள். ஹாலில் பேசுகிற பெட்டி ஒன்று, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கண், காலிங் பெல்லில் இன்னொரு கண் என்று மாட்டிவிட்டுப் போனார்கள். யார் பெல் அடித்தாலும் அந்தக் கண் முகம் பார்க்கும், அடிக்கடி வருகிறவர்களின் முகத்தைத் தானாகவே பழகிக்கொள்ளும். கடை சாமான் கேட்டால் பெட்டியே ஆர்டர் போடும். கம்பெனிக்காரன் அதற்கு நாகரிகமாக ஏதோ பெயர் வைத்திருந்தான். அக்கா இரண்டே வாரத்தில் அதை மாற்றி 'நாத்தனார்' என்று வைத்துவிட்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்தபடியே யார் வந்தார்கள், யார் போனார்கள், ஃப்ரிட்ஜை எத்தனை தடவை திறந்தார்கள் என்று பார்த்துவைத்துக்கொண்டு, வேண்டியவர்களிடம் ஒன்றுக்குப் பத்தாகப் போட்டுக்கொடுக்கிற ஜீவனுக்கு வேறென்ன பெயர் வைப்பதாம்? நிஜ நாத்தனார் ஒருத்தி அவளுக்கு உண்டு, நல்ல மனுஷி. இந்த ஒப்பீடு காதில் விழுந்தால் கோபித்துக்கொள்ள வேண்டியவள் அவள்தான்.

மெஷின் என்றாலே அக்காவுக்கு ஆகாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். துணி துவைக்கிற மெஷின் முதன்முதலில் வீட்டுக்கு வந்த நாளை உலகம் முழுக்க விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதற்கு முன்னால் பொம்பளைகள் எதையெதையெல்லாம் கையால் அடித்துக் கும்மிக் கசக்கினார்கள் என்று அவளுக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவள் சண்டை வேறு. துவைக்கிற மெஷின் துவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சட்டை உனக்கு எடுப்பாக இல்லை என்று அது சொல்லக் கூடாது.

"டீ போடறேன்," என்று எழுந்தவள், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கழுத்தில் கயிற்றில் தொங்கிய உருண்டைச் சாமான் ஒன்றைத் திருகினாள். டிக் டிக் என்று அது ஓட ஆரம்பித்தது. மகன் அதை ஒரு தினுசாகப் பார்த்தான், பிறகு மருமகளைப் பார்த்தான். மருமகள் பழத்தைப் பார்த்தாள்.

"அம்மா, உக்காரு. ஒரு விஷயம் பேசணும்."

ஃபைலிலிருந்து ஒன்பது பக்கம் வெளியே வந்தது. 'வீட்டு நடவடிக்கை வரலாறு, ஆறு மாதம்' என்று தலைப்பு. முதல் பக்கத்தில் சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தது: 'பயனரின் பழக்கங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படுகிறது. இது நினைவாற்றல் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். குடும்பத்தினர் கவனிக்கவும்.'

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பயனர் என்பது தான்தான் என்று விளங்க ஒரு நிமிடம் ஆனது.

"இது உனக்கு எப்படி வந்துது?"

"மாசாமாசம் என் போனுக்கு வரும்மா. மொதல்ல நானும் கண்டுக்கல. போன வாரம் மொத்தமா பாத்ததும் என்னால சும்மா இருக்க முடியல." அவன் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. "நீ தனியா இருந்தது போதும். எங்க வீட்டுல ரூம் ரெடி பண்ணிட்டோம். செவ்வாய்க்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். இந்த வீட்டைச் சும்மா பூட்டிப் போட வேண்டாம்னு புரோக்கர் ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன். நாலு மணிக்குப் பாக்க வர்றார்."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டே முக்கால்.

மறதியைச் சொல்லி யாராவது நம்மைச் சந்தேகப்பட்டால், முதலில் சந்தேகம் வருவது நமக்கேதான். நிஜமாகவே எதையாவது மறந்துகொண்டிருக்கிறோமோ, மறந்ததே தெரியாமல் இருக்கிறோமோ என்று ஒரு கணம் அக்கா ஆடிப்போனாள். அடுத்த கணம் கோபம் வந்தது. நல்ல கோபம், உச்சந்தலை வரை ஏறியது. இருபத்தாறு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லி முடிவெடுத்துவிட்டு, அதற்கு நேரமும் குறித்துவிட்டு, உட்கார், ஒரு விஷயம் பேச வேண்டும் என்கிறான். இதில் பேச என்ன மிச்சம் இருக்கிறது?

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பேனாவையும் ஒரு பென்சிலையும் எடுத்து வந்தாள்.

"செங்கோல் கதை உனக்கு ஞாபகம் இருக்கா?"

"அம்மா, இப்ப எதுக்கு அது?"

"உன் பொண்டாட்டிக்குத் தெரியாதே."

மருமகளுக்குத் தெரியாதுதான். மியூசியத்தில் ஒரு வழக்கம் உண்டு. அட்டையில் தெரிந்ததைப் பேனாவில் எழுத வேண்டும், ஊகத்தைப் பென்சிலில் எழுத வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி, மூன்றடி நீளத்தில் தலைப்பக்கம் உருண்டையாக இருந்த ஒரு கட்டையைப் பார்த்து, 'அரச செங்கோல்' என்று பேனாவில் எழுதிவிட்டார். அது ராஜா கட்டடத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியில் வெல்வெட் மேல் படுத்துக்கொண்டது. நாற்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், தூசு துடைக்கப் பெட்டியைத் திறந்தவள், அந்த உருண்டைத் தலை மட்டும் தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்து, ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதைக் கவனித்தாள். செங்கோலாவது மண்ணாங்கட்டியாவது. அது வெந்நீர்த் தொட்டியில் அழுக்குத் துணியைப் போட்டுக் கிளறுகிற கட்டை. யாரோ ஒரு வண்ணாத்தி வாழ்நாள் பூராவும் பிடித்த இடத்தில் அவள் விரல் தடம்கூடப் பள்ளமாக இருந்தது. பதினோரு மாதம் கடிதம் எழுதிப் போராடி, கட்டையை அக்கா தன் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். ராஜா கட்டடத்துக்காரர்கள் இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"பெட்டி 'இருக்கலாம்'னுதான் எழுதியிருக்கு," என்றாள் அக்கா, சிவப்புக் கட்டத்தைப் பென்சிலால் தட்டி. "அது பென்சில்லதான் எழுதுது. நீதான் அதைப் பேனாவுல எழுதி புரோக்கரை வேற கூட்டிட்டு வர்றே. வா, ஒவ்வொண்ணா பாப்போம். படிம்மா."

கடைசி வார்த்தை மருமகளுக்கு. மருமகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். உள்ளே இருப்பது என்ன என்று பார்த்த பிறகுதான் எதையும் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அவளுக்கும் உண்டு. முதல் பக்கத்தை எடுத்தாள்.

"மே இருபத்தி மூணு. உப்பு நாலு பாக்கெட், ஒரே ஆர்டர்ல. அதுக்கு முந்தின மாசமும் நாலு. அதுக்கு முன்னாடியும் நாலு."

"தனி ஆளு மாசம் நாலு கிலோ உப்பு என்னம்மா பண்ணுவே?" என்றான் மகன். "வாங்கினதை மறந்துட்டு மறுபடி மறுபடி வாங்கறேன்னுதானே அர்த்தம்?"

"அடுத்தது?"

"டயப்பர், சின்ன சைஸ், ரெண்டு கட்டு," என்று படித்துவிட்டு மருமகளே நிமிர்ந்து பார்த்தாள். "பூனைச் சாப்பாடு, மீன் ருசி, பன்னிரண்டு டப்பா."

"இந்த வீட்டுல குழந்தையும் இல்ல, பூனையும் இல்ல," என்றான் மகன். அவன் கண் சிவந்திருந்தது. ராத்திரி தூக்கம் இல்லாமல் இதையே நினைத்துக்கொண்டு கிடந்திருப்பான் போல. அதைப் பார்த்தபோது அக்காவுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. இறங்கியதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பதில் சொல்ல அவளுக்குச் சிரமமே வைக்காமல் லிஃப்ட் வந்து நின்றது. கடைப் பையன்கள் இரண்டு பேர் ஏழு பெரிய பைகளைத் திறந்த கதவு வழியாக ஹாலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பின்னாலேயே கூட்டமும் வந்தது. முதலில் மூன்றாம் மாடித் தையல்காரம்மா, கழுத்தில் அளவு டேப்போடு.

"அக்கா, என் உப்பு, என் எண்ணெய். நூல்கண்டு இருந்துதா? ஓ, விருந்தாளி வந்திருக்காங்களா!"

அடுத்து வாடகைக் கார் டிரைவரின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பெண். அவள் டயப்பர் கட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நாலாம் மாடிப் பூனை மாமா வரவில்லை, முழங்கால் வலி. அவர் பங்கைத் தையல்காரம்மா எடுத்துவைத்தாள். அந்தக் கடை, ஒரு அளவுக்கு மேல் வாங்கினால்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும். ஒரு வீட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது, நாலு வீடு சேர்ந்தால் தேவைப்படும். ஆர்டர் போடுகிற பெட்டி அக்கா வீட்டில் இருந்தது. இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, ஆறு மாதமாக ஊரறிய நடக்கிற காரியம்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ எங்க கேட்டே? ஞாயித்துக்கிழமை போன்ல வந்து 'எல்லாம் ஓகேயா'ம்பே. நான் 'ஓகே'ம்பேன். உப்பைப் பத்திப் பேச எங்க நேரம் இருந்துது?"

உப்பு, டயப்பர், பூனைச் சாப்பாடு மூன்றுக்கும் பக்கத்தில் அக்கா பேனாவால் 'நாலு வீடு' என்று எழுதினாள். நல்ல அழுத்தமான எழுத்து.

ஜூலை மாதம் ஒரே மத்தியானம் ஃப்ரிட்ஜை இருபத்தாறு தடவை திறந்தது ஏன் என்பதற்குத் தையல்காரம்மாவே பதில் சொன்னாள். அவள் ஃப்ரிட்ஜ் புகைந்துபோய், வீட்டிலிருந்த பால், முட்டை, காய்கறி எல்லாவற்றையும் ஒவ்வொரு தட்டாக இங்கே கொண்டுவந்து அடுக்கினாள். அது ரிப்பேர் ஆகிற வரை எட்டு நாள் அவள் குடும்பமே இந்த ஃப்ரிட்ஜில்தான் குடித்தனம் நடத்தியது. ஆகஸ்டில் ஒரு மணி நேரத்துக்குள் ஆறு தடவை 'இன்று என்ன தேதி' என்று பெட்டியிடம் கேட்டதாக மருமகள் படித்ததும், டிரைவர் மகள் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

"அவ பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் இருந்துது," என்று அவள் அம்மா அசடு வழிந்தாள். "சீக்கிரம் தேதி மாறுதான்னு பாத்திருக்கா, கழுதை."

வீட்டுக்குள் யார் குரல் கேட்டாலும் அது பயனர் குரல் என்று நாத்தனார் எழுதிவைத்திருந்தது. சனிக்கிழமைகளில் கதவு இரண்டு மணி நேரம் திறந்து கிடந்ததற்கு விளக்கம் தேவைப்படவில்லை, அதன் வழியாகத்தான் இப்போது எல்லோரும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பைகள் காலியாகி, அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு கூட்டம் கலைந்தபோது மணி மூன்றரை.

மகன் சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். தோற்றதை ஒப்புக்கொள்கிற முகமில்லை அது. அப்பாவிடமிருந்து வந்த பிடிவாதம் கொஞ்சம், அம்மாவிடமிருந்து வந்தது நிறைய.

"சரி. எல்லாத்துக்கும் பதில் இருக்கு. இதுக்குச் சொல்லு." ஆறாம் பக்கத்தை உருவி மேஜையில் வைத்தான். "இதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. ஜூன் பதினாலு, சாயங்காலம் அஞ்சு பன்னெண்டு. வாசல்ல அறிமுகமில்லாத ஆண். தலையும் முகமும் மறைச்சிருக்கான். நீ கதவைத் திறந்து உள்ள விட்டிருக்கே. அஞ்சு இருபதுக்கு வெளிய போறான். எட்டு நிமிஷம். யாரும்மா அது?"

அக்கா அந்த வரியைப் பார்த்தாள். 'பாதுகாப்பு எச்சரிக்கை' என்று பக்கத்தில் ஒரு முக்கோணம் வேறு.

"போட்டோ இருக்குமே?"

"முப்பது நாள்தான் வெச்சிருக்கும். அழிஞ்சு போச்சு. நீ சொல்லு, யாரு?"

யோசித்துப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய்க்காரரா? அவர் வந்தால் எட்டு நிமிடத்தில் எங்கே போவார்? மீட்டர் பார்க்கிறவரை உள்ளே கூப்பிடுவதில்லை. முகத்தை மறைத்துக்கொண்டு வந்த ஆளை, கதவைத் திறந்து உள்ளே விட்டிருக்கிறாள். எவ்வளவு குடைந்து பார்த்தும் ஒரு முகமும் வரவில்லை.

"ஞாபகம் இல்ல," என்றாள்.

"பாத்தியா?" என்றான் மகன். ஜெயித்த குரல் இல்லை, அதனால் இன்னும் மோசமாக இருந்தது. "முன்னப் பின்ன தெரியாத ஒருத்தனை வீட்டுக்குள்ள விட்டிருக்கே. அது யாருன்னே உனக்குத் தெரியல. மத்ததெல்லாம் விடு, இது ஒண்ணு போதாதா?"

அந்த நேரம் பார்த்து அவள் கழுத்தில் கிடந்த உருண்டை கிணிகிணியென்று அடித்தது. மகன் துள்ளி எழுந்தே விட்டான். அக்கா போய் அடுப்பை அணைத்து, டீயை வடிகட்டி மூன்று குவளையில் கொண்டுவந்து வைத்தாள். அவள் தண்ணீரைக் கொஞ்சமாக வைத்துக் கொதிக்கவிடுகிற ரகம் இல்லை, பெரிய பாத்திரத்தில் சின்னத் தணலில் முக்கால் மணி நேரம் போட்டு எடுக்கிற ரகம். உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்து ஜூன் பதினாலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிறகு பேனா மூடியைத் திறந்தாள்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நாத்தனாருக்குத் தெரியாத விஷயம் அது, யாருக்குமே தெரியாது. நாலு மணிக்கு ஆள் வரப்போகிற நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? ஆனால் தனக்கு எதிராக இருக்கிறது என்பதற்காக ஒரு பதிவை மறைத்தால், மீதி முப்பத்தோரு வருட அட்டைகளுக்கு என்ன மரியாதை?

"உன் பெட்டி எழுதாத ஒண்ணு இருக்கு," என்றாள். "ஜூன் மாசம்தான். அடுப்புல பாலை வெச்சுட்டு, பூனை மாமாவுக்கு மாத்திரை குடுக்கப் போனேன். பேச்சு சுவாரஸ்யத்துல அடுப்பு சுத்தமா மறந்துபோச்சு. திரும்பி வந்தப்ப பாத்திரம் கரியா போயிருந்துது, வீடு பூரா புகை. அடுப்புக்குக் கண்ணு இல்லை பாரு, அதான் உனக்கு வரலை. உப்பு பொய், டயப்பர் பொய். இது நிஜம். என் தப்பு."

மகன் விடவில்லை. "அப்போ நான் பயந்தது சரிதானே?"

"பயந்தது சரி. பயப்படு, நானும்தான் பயந்தேன். அன்னைக்கு ராத்திரி பூரா எழுந்து எழுந்து அடுப்பைப் பாத்தேன். மறுநாள் காலைல பாத்திரக் கடைக்குப் போனேன். போன்ல பேசறது, போட்டோ எடுக்கறது, பையனுக்குச் செய்தி அனுப்பறதுன்னு அவன் எதை எதையோ எடுத்துக் காட்டினான். எனக்குத் திருகினா மணியடிக்கணும், யார்கிட்டயும் போய்ச் சொல்லக் கூடாது, அப்படி ஒண்ணு குடுன்னேன். பரண்ல ஏறி, தூசு தட்டிக் குடுத்தான்." கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "அன்னைலேர்ந்து இது கழுத்துல இல்லாம நான் அடுப்பைத் தொட்டதில்ல. ஒரு தடவைகூடப் பால் பொங்கலை."

"எங்க வீட்டுல போன வாரம் பொங்கிச்சு," என்றாள் மருமகள் டீயைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு தடவை." மகன் அவளை முறைத்தான். அவள் டீயை ஊதிக் குடித்தாள்.

"தேதியோட எழுதணும்," என்றாள் அக்கா. "ஜூன்ல என்னைக்குன்னு காலண்டர்ல இருக்கும். சமையல்கட்டு கதவுக்குப் பின்னாடி, பாத்துச் சொல்லும்மா."

அன்றாடம் நடப்பதைக் காலண்டர் கட்டத்தில் ஒரு வரி எழுதுவது அக்காவின் தொழில் புத்தி. மருமகள் காலண்டரையே கழற்றிக்கொண்டு வந்தாள். செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பின்னால் புரட்டினாள்.

"ஜூன் இருபத்தொண்ணு. 'பால் கருகியது. என் தப்பு,'" என்று படித்தாள். அக்கா ஒன்பதாம் பக்கத்தின் அடியில், வெற்றிடத்தில், அதை அப்படியே பேனாவால் எழுதினாள். எழுதி நிமிர்ந்தபோது மருமகள் இன்னும் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் ஒரு வரிசை மேலே போயிருந்தது.

"என்ன?" என்றான் மகன்.

அவள் பதில் சொல்லாமல் காலண்டரை அவன் முன்னால் வைத்தாள். அக்காவும் எட்டிப் பார்த்தாள். ஜூன் பதினாலாம் தேதிக் கட்டத்தில் அவளுடைய எழுத்தே, பேனாவில்:

'மகன் வந்தான். பிறப்புச் சான்றிதழ் வாங்கிப் போனான். ரெயின்கோட்டைக் கழற்றவில்லை.'

மகன் முகத்தில் ஈயாடவில்லை. ஹெல்மெட்டும் ரெயின்கோட்டுமாக ஒருவன் வந்து, வாசலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஈரக் கால் தடம் பதித்துவிட்டு, டீ வேண்டாம், அவசரம் என்று ஓடியதை அக்காவும்தான் மறந்துபோயிருந்தாள். எட்டு நிமிடத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ஆனால் எழுதியிருந்தாள். ஆறு மாதத்தில் அந்த வாசலில் தையல்காரம்மாவின் முகம் பதிந்திருக்கிறது, டிரைவர் மகளின் முகம் பதிந்திருக்கிறது, நொண்டிக்கொண்டு வரும் பூனை மாமாவின் முகம்கூடப் பதிந்திருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் நின்றிருந்தாலும் தெரிந்திருக்காது, இவன் முகம் பழகுகிற அளவுக்கு அந்தக் கண் இவனைப் பார்க்கவே இல்லை. அதை நினைத்தபோது அவளுக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது.

காலிங் பெல் அடித்தது.

"வாசலில் அறிமுகமில்லாத ஆண் ஒருவர் நிற்கிறார்," என்றது நாத்தனார், கணீரென்று.

மகனுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. கடிகாரத்தில் நாலு. அக்கா எழுந்திருக்கவில்லை.

"நீ வரச்சொன்ன ஆள்தானே. நீயே போய்ப் பேசு."

போனான். திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் புரோக்கரின் குரல் கேட்டது. "ரெண்டு பெட்ரூம்தானே சார்? உள்ள வந்து பாத்துடலாமா?"

"மன்னிச்சுக்கங்க. இந்த வீடு வாடகைக்கு இல்ல."

"அம்மா காலி பண்றாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"தெரியாம சொல்லிட்டேன். அம்மா இங்கதான் இருப்பாங்க."

திரும்பி வந்தவன் உட்காராமல் நின்றான். முப்பத்துமூன்று வயது ஆள், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நிற்பவன் மாதிரி நின்றான். அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து விட்டுவிட்டால் அடுத்த ஆறு மாதம் கழித்து இன்னொரு ஒன்பது பக்கம் வரும் என்பதும் தெரிந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட வர்றேன்," என்றாள். "பாத்துட்டு அவர் சொல்லட்டும், ஒண்ணும் தப்பில்ல. உனக்கும் ஒரு டோக்கன் போடு. ஜூன் பதினாலு எங்க போனேன்னே தெரியாதவன் நீ."

மருமகள் முகத்தைக் குவளைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அப்புறம், இது உனக்கு அனுப்பறதை நிறுத்து. இப்பவே, என் கண் முன்னால. கடைக்கு ஆர்டர் போடட்டும், அந்த வேலை அதுக்கு நல்லா வருது. என்னைப் பத்தி எழுத வேண்டாம்."

"அம்மா, அப்புறம் நீ எப்படி இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல பெல் இருக்கு. வந்து அடி."

அவன் போனை எடுத்து எதை எதையோ அழுத்தினான். மூலையிலிருந்து, "குடும்ப உறுப்பினருக்கான அறிக்கைகள் நிறுத்தப்பட்டன," என்று சத்தம் வந்தது. நாத்தனார் வாயை மூடி அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேஜை மேல் ஆறாம் பக்கம் இன்னும் கிடந்தது. ஜூன் பதினாலுக்குப் பக்கத்தில் பென்சில் கேள்விக்குறி. அக்கா அதை ரப்பரால் அழித்து, தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த ஒண்ணு பாக்கி. நீயே எழுது."

அவன் குனிந்து, கைக்கு எட்டிய பென்சிலை எடுத்தான். அதை அவன் விரல்களிலிருந்து உருவிவிட்டு, பேனாவைக் கொடுத்தாள். 'அறிமுகமில்லாத ஆண்' என்பதை அடித்துவிட்டு, அவன் 'மகன்' என்று எழுதினான். சின்ன எழுத்து, சிறு வயதிலிருந்தே அவன் எழுத்து அப்படித்தான்.

எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான். அக்கா வாங்கவில்லை.

"எட்டு நிமிஷம்னும் எழுது," என்றாள்.

எழுதினான்.